பனிக்குள் கேட்ட சீட்டி

பிரேக்கம்மா என்றே எல்லாரும் அவரை அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் வேறொன்று இருந்தது; அதனை அவருடைய கணவர் கோபம் வந்தால் மட்டுமே பயன்படுத்துவார். அவருக்கோ கோபம் வருவது அரிது. காலையில் வேலைக்கு வந்தவுடன் பிரேக்கம்மா முதற்காரியமாகத் தம் காதணிகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுவார். காற்றில் அவை ஆடிக் கழுத்தில் உரசும் சிற்றொலிகூட அவருக்கு இடைஞ்சல். பிறகு உள்ளங்கைகளை உலர்ந்த துணியால் அழுந்தத் துடைத்துக் கையுறைகளை மாட்டிக்கொள்வார். தலைக்கு மேலே ஆட்களைச் சுமந்து வரும் எஃகுக் கம்பி முரலத் தொடங்கிவிட்டால் எதிரில் நின்று கேட்பவர் யாராயினும் அவரிடமிருந்து விடை வராது. வீட்டிலும் இதே கதைதான். கதவு தட்டப்படுவதற்கு முன்பே, "பொண்ணு வந்துட்டா. ஒரு செருப்போட வர்றா, இன்னொண்ணு அறுந்துபோச்சு போல" என்பார். கதவைத் திறந்தால் மகள் அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

"உங்கம்மா காதுக்குப் பயந்துகிட்டு நான் மனசுக்குள்ளகூட மெதுவாத்தான் பேசிக்கிறேன்" என்பார் கணவர்.

அவர்கள் இருவருக்கும் வேலை ஒரே கம்பியில்தான். ஆனால் ஆளுக்கொரு முனையில். ஆற்றுப் பள்ளத்தின் உயர்ந்த கரையில் குடியிருப்பு இருந்தது, தாழ்ந்த கரையில் நகரம் இருந்தது, இடையில் பாலம் இல்லை. மலையைச் சுற்றிவரும் சாலை உண்டு; அதிற் செல்லும் பேருந்தில் ஏறினால் பாதிக் காலைப்பொழுது அதிலேயே கழிந்துவிடும். ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் கரைக்குக் கரை கட்டப்பட்ட எஃகுக் கம்பியில், ஒரு கப்பியிலிருந்து தொங்கும் பட்டையில் அமர்ந்து, சரிந்து போய் இறங்கினர். திரும்புவதற்கு நகரத்துக் குன்றின் உச்சியிலிருந்து வேறொரு கம்பி இருந்தது. அதனை வேறு ஆட்கள் கவனித்துக்கொண்டனர். உயர்ந்த கரையில் பட்டையை இறுக்கி, கொக்கியை மாட்டி, "போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைப்பவர் கணவர். அதனால் அவர் கொக்கியார். தாழ்ந்த கரையில் வருகிறவரை நிறுத்துபவர் மனைவி.

நிறுத்துவது என்பது பார்ப்பதற்கு எளிய காரியம். கம்பியின் மேல் ஒரு தடைக்கட்டை நகரும். அதிலிருந்து வரும் கயிறு ஒரு மரத்தூணைச் சுற்றிப் பிரேக்கம்மாவின் கைக்கு வரும். வருகிறவர் கனத்த உடம்புக்காரராயின் வேகமாக வருவார்; தூணில் கயிற்றைக் கூடுதலாகச் சுற்றி இறுக்க வேண்டும். மெலிந்தவராயின் மெதுவாக வருவார். ஒரு சுற்றுப் போதும். கனத்தவருக்குத் தளர்வாகப் பிடித்தால் அவர் மேடையின் பின்னாலுள்ள மெத்தைச் சுவரில் போய் மோதுவார். மெலிந்தவருக்கு இறுக்கிப் பிடித்தால் மேடையைத் தொடாமலே நின்று, வந்த வழியே பின்னோக்கிச் சரிந்து, நடு ஆற்றுக்கு மேல் தொங்குவார்.

பனிக்காலத்தில் பள்ளம் முழுதும் வெள்ளையாகிவிடும். வருகிறவர் மேடைக்குப் பத்தடி முன்னால்தான் கண்ணுக்குத் தெரிவார். அதற்குள் காலம் கடந்துவிடும். இதற்காகவே அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கம்பியின் நடுப்பகுதியைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் தத்தமக்குரிய ஒலியை எழுப்ப வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் இருமடிப்பாக ஒரு சீட்டி அடிப்பார். தையற்காரி "ஹோ...ய்" என்று இழுப்பாள். மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்த மகள், நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் குதிரைக் குளம்புபோல் ஓர் ஓசை செய்வாள். சென்ற ஆண்டு காலமான தபால்காரர் உயிரோடிருந்தவரை தொண்டையைச் செருமிக்கொண்டே வருவார். ஒலியைக் கேட்டதும் ஆள் தெரியும். ஆள் தெரிந்தால் கனம் தெரியும். கனம் தெரிந்தால் பிரேக்கம்மாவின் கை தானாகவே கயிற்றைச் சுற்றிக்கொள்ளும்.

காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு அதே கம்பியில் வேடிக்கைச் சவாரிக்காரர்கள் வருவார்கள். இவர்களுக்குச் சொந்த ஒலி என்று ஒன்றும் கிடையாது. எல்லாரும் ஒரே மாதிரி அலறுவார்கள். நல்ல வெளிச்சத்தில் மட்டும் அவர்களை விட்டுக்கொண்டிருந்தவரை தொல்லை இருந்ததில்லை; தூரத்திலேயே ஆளின் பருமன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தப் பனிக்காலத்தில்தான் மேலாளர் ஒரு புதுமை செய்தார். 'மேகச் சவாரி' என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். மேகத்துக்குள் புகுந்து வெளிவரலாம் என்றவுடன் கூட்டம் அலைமோதிற்று. பனிக்குள் வரும் ஆள் பிரேக்கம்மாவின் கண்ணுக்குத் தெரியாதே என்பதற்காக ஒரு வாக்கிடாக்கி கொடுத்தார். ஆளை அனுப்புவதற்கு முன் கொக்கியார் அதில் "கனம்" என்றோ "லேசு" என்றோ சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஏற்பாடு தொடங்கிச் சில நாள் சென்றபின், ஒரு நடுப்பகற் பனியில், வாக்கிடாக்கி "லேசு" என்றது. பிரேக்கம்மா ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். கம்பி முரன்றது. அப்போது வெள்ளைக்குள்ளிருந்து ரொட்டிக்கடைக்காரரின் இருமடிப்புச் சீட்டி தெளிவாகக் கேட்டது.

அவர் காலையிலேயே கடைக்குப் போயாயிற்று. ஆயினும் சீட்டி அவருடையதுதான்; மடிப்பில் வரும் சிறு தடுமாற்றம் உட்பட. ஒருவேளை வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் வருகிறாரோ? கொக்கியார் வரிசையை மாற்றி அனுப்பிவிட்டுச் சொல்ல மறப்பது புதிதன்று. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சுற்றுக் கயிற்றுக்கு நிற்குமா? பிரேக்கம்மா மளமளவென்று மேலும் சுற்றி இறுக்கினார். பனியைப் பிளந்துகொண்டு வந்தது மஞ்சள் தலைக்கவசம் அணிந்த ஒரு சின்னப் பெண். அவள் மேடையை நோக்கி நீட்டிய கால் தரையைத் தொடுவதற்குள் நின்று, "ஐயோ ஆன்ட்டி!" என்று கத்திக்கொண்டே மறுபடியும் மேகத்துக்குள் போய்விட்டாள்.

பிரேக்கம்மா அவசர அவசரமாக இழுகயிறு போட்டு அவளை மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணோ, "இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டாள். மேலாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? லேசுன்னுதான சொன்னாரு?"

"சொன்னாரு."

"அப்புறம் ஏன் இறுக்கினீங்க?"

ரொட்டிக்கடைக்காரர் வருவதாகக் காதில் விழுந்தது என்று எப்படிச் சொல்வது? அவர் நகரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். "கை தவறிடுச்சு" என்றார். வாழ்நாளில் அவர் வாயிலிருந்து வராத சொற்கள் அவை.

மறுநாள் அதைவிட மோசம். "கனம்" என்று வாக்கிடாக்கி சொன்ன பிறகு, பனிக்குள் தபால்காரர் தொண்டையைச் செருமினார்.

பிரேக்கம்மா கயிற்றைப் பிடித்தபடியே உறைந்துபோனார். ஊரே கூடி அடக்கம் செய்த மனிதர். முன்வரிசையில் நின்று அழுதவர்களுள் பிரேக்கம்மாவும் ஒருவர். தபால்காரர் மெலிந்த உடம்புக்காரர். ஒரு சுற்றுக்கே நின்றுவிடுவார். இப்போது எதை நம்புவது? செத்தவருக்கு எத்தனை சுற்றுச் சுற்றுவது? நல்லவேளையாக, அந்தத் திகைப்பில் கை ஒன்றும் செய்யாமல் இருந்தது. முன்பே போட்ட சுற்றுகள் அப்படியே இருந்தன. ஒரு புதுமாப்பிள்ளை சிரித்த முகத்துடன் வந்து சரியான இடத்தில் இறங்கினான். அவன் முகத்தைப் பிரேக்கம்மா அளவுக்கு மீறி உற்றுப் பார்த்ததால், "என்னை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

அன்று மாலை வீட்டில் அவர் சுற்றி வளைத்துப் பேச்சை எடுத்தார்.

"என்னங்க, வயசானா காதுல இல்லாததெல்லாம் கேக்குமா?"

"எனக்கு இருக்கிறதே கேக்க மாட்டேங்குது. நீ போன வாரம் வாங்கிட்டு வரச் சொன்ன சோப்பு இன்னும் கடையில்தான் இருக்கு."

"விளையாடாதீங்க."

"சரி, சொல்லு. என்ன கேக்குது?"

பிரேக்கம்மா சொல்லவில்லை. சொன்னால் அது மேலாளர் வரை போகும். போனால் கயிறு வேறொருவர் கைக்கு மாறும். அது போகட்டும். மகள் அன்றாடம் அந்தக் கயிற்றை நம்பித்தான் பள்ளத்தைத் தாண்டுகிறாள். தம் காதில் கோளாறு இருந்தால் முதலில் மோதப்போவது அவளாக இருக்கலாம். கோளாறு இல்லாமலே விலகினால், அவளை நிறுத்தத் தெரியாத யாரோ ஒருவர் அங்கே நிற்பார். இரண்டில் எது உண்மை என்று அவருக்குத் தெளிவாகவேண்டியிருந்தது.

மகள் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டாள். அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பொருளாகக் கீழே போட்டாள்.

"இது என்னம்மா?"

"சீப்பு."

"இது?"

"தலையணை."

"தலையணை விழுற சத்தம் உனக்குக் கேக்குதா? இது?"

"ஒண்ணும் போடல. சும்மா நிக்கிற. மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிக்கிற. ஜலதோஷமா?"

மகள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். "எங்க டாக்டருக்கே இவ்வளவு கேக்காது. உனக்குக் காது பிரமாதமா இருக்கும்மா" என்றாள்.

மகள் மகிழ்ச்சியாகச் சொன்ன அந்தச் செய்தி தாய்க்கு மகிழ்ச்சி தரவில்லை. காது நன்றாயிருக்கிறது என்றால், கெட்டுப்போனது வேறு ஏதோ என்றல்லவா ஆகிறது?

ஆகவே பிரேக்கம்மா ஒரு முடிவுக்கு வந்தார்: இனி வாக்கிடாக்கி சொல்வதே வேதம், பனிக்குள் யார் சீட்டியடித்தாலும், செருமினாலும், தேவலோகத்திலிருந்து பாடினாலும் காதில் வாங்குவதில்லை. இப்படி எண்ணியதும் மனம் லேசாயிற்று. அந்த லேசு ஒரு நாள்தான் நிலைத்தது.

அடுத்த நாள் முற்பகலில் பனி கட்டியாக நின்றது. "லேசு" என்றது வாக்கிடாக்கி. ஒரு சுற்று. கம்பி முரன்றது. நடுவிலிருந்து ரொட்டிக்கடைக்காரரின் சீட்டி வந்தது. பிரேக்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றில் கையை மாற்றாமல் நின்றார். சீட்டி மறுபடியும் வந்தது, இம்முறை இரண்டு முறை அவசரமாக. கம்பியின் முரல்வு ஒரு மெலிந்த ஆளுக்கு உரியதைவிடத் தடித்திருந்தது. அதையும் அவர் நம்ப மறுத்தார்.

பனியிலிருந்து வெளிப்பட்டவர் ரொட்டிக்கடைக்காரரேதாம். கயிறு பிரேக்கம்மாவின் கையுறையைத் தீய்த்துக்கொண்டு ஓடியது. வந்தவர் மேடையைத் தாண்டி, கால்கள் முன்னே நீள, மெத்தைச் சுவரில் பொத்தென்று மோதி, ஊன்றிய கை மடங்க, கீழே உட்கார்ந்தார்.

"தங்கச்சி," என்றார் நிமிர்ந்து பார்த்து, "என் விசில் கேக்கலையா?"

"கேட்டுச்சு அண்ணே."

"கேட்டுமா விட்டுட்டே?"

"நம்பலை" என்றார் பிரேக்கம்மா. சொன்னபின் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ரொட்டிக்கடைக்காரர் கடைச் சாவியை வீட்டில் மறந்துவிட்டு, அதனை எடுக்க மறுகம்பியில் போயிருந்தார். திரும்பும்போது வரிசையில் ஓர் ஒல்லிக் கல்லூரி மாணவன் நின்றான். அவனுக்காகக் கொக்கியார் "லேசு" என்று சொல்லியும் விட்டார். "அவசரம்பா, முதல்ல என்னை விடு" என்று இவர் கேட்க, கொக்கியார் இவரை மாட்டி அனுப்பிவிட்டார். மாற்றிச் சொல்ல மறந்தார்.

மேலாளர் சவாரியை நிறுத்திவைத்தார். பிரேக்கம்மா ரொட்டிக்கடைக்காரரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மணிக்கட்டு பிசகியிருந்ததேயன்றி எலும்பு முறியவில்லை. கட்டுப் போட்டதும், வேலை நேரம் முடிந்த மகளையும் கூட்டிக்கொண்டு, மூவரும் மறுகம்பியில் உயர்ந்த கரைக்குத் திரும்பினர். கணவரிடம் நேரில் கேட்கவேண்டியது நிறைய இருந்தது.

பனி பள்ளத்தை மட்டுமே நிறைத்திருந்தது. உயர்ந்த கரையில் வெயில் பளிச்சென்று அடித்தது. அவர்கள் கம்பியடிக் கொட்டகையை நெருங்குமுன்பே பிரேக்கம்மா நின்றுவிட்டார். கொட்டகைக்குள்ளிருந்து ரொட்டிக்கடைக்காரரின் சீட்டி வந்தது. அவரோ கட்டுப் போட்ட கையுடன் பிரேக்கம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அட, நான் அங்கேயும் இருக்கேனா?" என்றார் அவர்.

உள்ளே, சவாரி தொடங்கக் காத்திருந்த கூட்டத்தின் நடுவில் கொக்கியார் ஒரு முக்காலிமேல் ஏறி நின்றார். "இப்ப நல்லா உதட்டை மடக்குங்க. முதல்ல மேல, அப்புறம் கீழ, நடுவுல ஒரு சின்ன இடறல். அதுதான் ரொட்டிக்கடை. ம், எல்லாரும்!" கூட்டம் முழுதும் சீட்டியடித்தது. "அருமை! பாதி வழியில இதைக் கொடுக்கணும். கீழ இருக்கிற அம்மா அசந்துபோயிடுவாங்க. அடுத்து யாருக்குத் தபால்காரர் வேணும்?" என்று கேட்டுவிட்டு அவரே தொண்டையைச் செருமிக் காட்டினார். அச்சு அசலாக இருந்தது.

சிரித்துக்கொண்டே திரும்பியவர் மனைவியைக் கண்டார். "வந்துட்டியா! பார்த்தியா, உன் ஆளுங்க குரலெல்லாம் எப்படிக் கத்துக்குடுத்திருக்கேன்!"

"எத்தனை நாளா?"

"மேகச் சவாரி ஆரம்பிச்ச கொஞ்ச நாளிலிருந்தே. வரிசையில நின்னு சலிச்சுப்போறாங்கன்னு மேலாளர்தான் ஏதாவது வேடிக்கை காட்டச் சொன்னாரு. உனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன். நீ ஒண்ணுமே சொல்லலையா, ஒருவேளை கேக்கலையோன்னு இன்னும் சத்தமா அடிக்கச் சொன்னேன்."

"நான் எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன்" என்றார் பிரேக்கம்மா.

கொக்கியார் முக்காலியிலிருந்து இறங்கினார். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் சிறிது நேரம் அங்கேயே இருந்து, பிறகு மறைந்தது. ரொட்டிக்கடைக்காரரின் கையைப் பார்த்தார். "லேசா இடிச்சுக்கிட்டாருன்னுதான சொன்னாங்க..."

"லேசுன்னு சொன்னது நீதான்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

பின்னாலேயே மறுகம்பியில் வந்து சேர்ந்த மேலாளரும் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். ஆளுக்கொரு யோசனை எழுந்தது.

"இத்தோட நிறுத்திடுறேன்" என்றார் கொக்கியார். "இனிமே யாருக்கும் சொல்லிக்குடுக்க மாட்டேன், சத்தியமா."

"இதுவரைக்கும் யாருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தீங்க?" என்று கேட்டார் பிரேக்கம்மா.

"வந்தவங்களுக்குத்தான். அவங்க பிள்ளைங்களுக்கு. பிள்ளைங்க வேற பிள்ளைங்களுக்கு... நேத்து நகரத்துப் பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் வந்துச்சு, வரும்போதே அடிச்சுக்கிட்டு வந்துச்சு. நான் சொல்லிக்குடுக்கலை."

"நம்ம பொண்ணு சத்தத்தையுமா?"

கொக்கியார் முக்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். மகள், "அப்பா!" என்றாள்.

"அது ரொம்பச் சுலபமா வருதும்மா. சின்னப் பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது."

மேலாளர் குறுக்கிட்டார். "சத்தத்தை விட்டுடுவோம். வாக்கிடாக்கியை மட்டும் நம்புங்கம்மா, போதும்."

"அதை நம்பித்தான் தம்பி எனக்கு இந்தக் கட்டு" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அப்ப எல்லாரும் புதுச் சத்தம் வச்சுக்கலாமே" என்றாள் மகள்.

"நாளைக்கு வச்சா நாளன்னைக்கு வரிசையில நிக்கிறவங்க பிடிச்சுக்குவாங்க" என்றார் தாய்.

அவர் முக்காலியில் அமர்ந்தார். பேய் இல்லை, பைத்தியமும் இல்லை, காதும் பழுதில்லை என்று தெரிந்த பிறகு தெளிவு வந்திருக்க வேண்டும், வரவில்லை. இத்தனை நாளும் பனிக்குள் கேட்ட ஒவ்வோர் ஒலியையும் அவர் மனம் திரும்ப எடுத்துப் பார்த்தது. முந்தாநாள் காலையில் வந்த குளம்போசை மகளுடையதா? மகள்தான் வந்து இறங்கினாள். ஆனால் ஓசை அவளிடமிருந்து வந்ததா, மேலே எவரேனும் எழுப்பியது பள்ளத்தில் எதிரொலித்ததா? சரியாக நிறுத்தியவர்களையெல்லாம் தெரிந்து நிறுத்தினாரா, தற்செயலாக நின்றார்களா? இனி உண்மையான சீட்டி வந்தாலும், கை சுற்றுவதற்கு முன் ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடிக்குள் ஆள் வந்துவிடுவார்.

"தபால்காரர் சத்தத்தை யாருக்குக் குடுத்தீங்க?" என்று திடீரென்று கேட்டார்.

கொக்கியார் தலையைச் சொறிந்தார். "கல்யாண ஜோடி ஒண்ணு வந்துச்சு, அந்தப் பையனுக்குன்னு நினைக்கிறேன். இல்ல, அதுக்கு முன்னாடியா? சரியா ஞாபகம் இல்லை. கொக்கி மாட்டும்போது சில நேரம் நானே செருமிடுறேன். அவர் ஞாபகம் வந்துடுது."

பிரேக்கம்மா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுகூடச் செய்ய முடியாத அளவுக்கு அவர் களைத்திருந்தார்.

"இப்ப என்னதான்மா பண்றது?" என்றார் மேலாளர். "வெளியில கூட்டம் நிக்குது. சாயங்காலம் வரைக்கும் பனி போகாது."

"எனக்கு நாளைக்குக் காலையில முதல் ஷிஃப்ட் வேலை" என்றாள் மகள். "பஸ்ல போனா நேரத்துக்குப் போக முடியாதும்மா. அடிக்கடி தாமதமானா அந்த வேலையை வேற ஒருத்திக்குக் குடுத்துடுவாங்க."

"தெரியும்."

"பனிக்காலம் முழுக்க நான் பஸ்லயாம்மா போகணும்?"

பிரேக்கம்மா மகளை நிமிர்ந்து பார்த்தார். கொட்டகைக்கு வெளியே பள்ளம் விளிம்புவரை வெண்மையாக நிறைந்து கிடந்தது. கம்பி அதற்குள் சில அடி தூரம் போய்க் காணாமற்போயிற்று. அப்பாலிருந்து யாரோ, யாரென்று தெரியவில்லை, இருமடிப்பாகச் சீட்டியடித்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் தம்மையறியாமல் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பனி இருக்கிறப்ப நான் கயித்தைப் பிடிக்க மாட்டேன்" என்று பிரேக்கம்மா மெதுவாகச் சொன்னார். "வேலைக்குப் போறவங்களுக்கும் சரி, வேடிக்கைக்கு வர்றவங்களுக்கும் சரி. ஆள் கண்ணுக்குத் தெரிஞ்சா பிடிக்கிறேன்."